பத்து நாள் முன்னால் கொடுத்த சாவி

அமராவதி டீச்சர் இன்றுவரை விமானம் ஏறியதில்லை. கடப்பிதழே எடுத்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம், கோலாலம்பூருக்கு வடக்கே புக்கிட் செந்தோசாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நின்றுகொண்டு, விமானத்தில் இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவது, கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது, பனி கொட்டும் ஊரில் காலுக்கு என்ன போடுவது என்று பாடம் நடத்தினார். ஊருக்கு உபதேசமா என்று நான் கேலி செய்வேன்.

"நீங்க மட்டும் என்னாண்ணே, ஏர்போர்ட் வாசலோட திரும்பி வர்ற ஆளுதானே? பேச வந்துட்டீங்க லா" என்பார்.

அது உண்மைதான். நான் ரவீந்திரன், அந்த மையத்துக்கு வேன் ஓட்டியவன். எங்கள் நாட்டில் வந்து தங்கியிருக்கும் அகதிகளில், அமெரிக்கா ஏற்றுக்கொண்ட குடும்பங்களைப் பயணத்துக்குத் தயார்படுத்தி அனுப்புவதுதான் மையத்தின் வேலை. டீச்சர் பாடம் சொல்வார், நான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விமான நிலைய வாசலில் இறக்குவேன். மியன்மாரிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். இலங்கைத் தமிழர்களும் வருவார்கள். அவர்கள் வந்தால் டீச்சருக்குக் கொண்டாட்டம். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், வாய் வலிக்கப் பேசலாம்.

இப்போது மையம் இல்லை. டீச்சர் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு பாலர் பள்ளியில் இருக்கிறார், நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். கிஃபாயத்துல்லா கடையில் எப்போதாவது சந்தித்துக்கொண்டால், தேத்தண்ணி ஆறும்வரை பழைய கதைதான் பேசுவோம். எனக்கு வாழ்க்கையில் பல வேலைகள் கிடைத்தன. எண்ணெய்ப் பனைக்குலை ஏற்றும் செம்பனை லோரி ஓட்டியிருக்கிறேன், ரவாங் தொழிற்சாலை பஸ் ஓட்டியிருக்கிறேன். ஆனால் நினைத்தால் நெஞ்சு நிறைகிற வேலை அது ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வகுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்று மூன்றாகப் போட்டு, நடுவில் வழி விட்டிருப்பார். என் பழைய வேனிலிருந்து கழற்றிய பட்டைகளை நாற்காலியில் கட்டி வைத்திருப்பார். மாட்டு, கழற்று, மாட்டு, கழற்று என்று அரை மணி நேரம் போகும். ஐம்பது வயது மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பார்கள். எல்லையைக் காலால் கடந்து வந்தவர்களுக்கும், படகில் கிடந்தவர்களுக்கும், அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் முகம் மாறிவிடும்.

குளிர் பாடம்தான் வேடிக்கை. குளிர் என்றால் என்ன என்று பலகையில் எழுதியா காட்ட முடியும்? டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுங்கை செம்பிலாங்கில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சீனத் தவுக்கேயிடம் பேசி, அவருடைய ஐஸ் கிடங்கை மாதம் ஒரு முறை கேட்டு வாங்கினார். மொத்த வகுப்பையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போவோம். ஐந்து ஐந்து பேராக உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் டீச்சர். இரண்டு நிமிடம். வெளியே வரும்போது பல்லெல்லாம் தந்தியடிக்கும். "இதான் டிசம்பரு. இதுக்கு மேலயும் இருக்கும், பயப்படாதீங்க" என்பார். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் மீன் வாடை. நான் திட்டிக்கொண்டே ஓட்டுவேன், பின்னால் பாட்டு நடக்கும். அந்த வாடை இப்போது எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் என் மனைவி நம்புவதில்லை.

கடைசியாக நிறுவை நாள். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. டீச்சர் தொங்கு தராசை உத்தரத்தில் மாட்டி ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பார்ப்பார். முள் கூடுதலாகக் காட்டினால் பெட்டியைத் திறந்து எதையாவது எடுக்க வேண்டும். எடுப்பது எப்போதும் சமையலறைச் சாமான்தான். அம்மிக்குழவி, இடியப்ப உரல், புட்டுக்குழல், கனமான வாணலி, மியன்மார்க்காரர்களின் கல்லுரல். துணியை எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள், குழவியை எடுக்கச் சொன்னால் அழுவார்கள். டீச்சர் அதை வாங்கி ஒரு சீட்டில் பெயர், தேதி, போகும் ஊர் எழுதிக் கட்டி, "எங்கிட்ட இருக்கு. எப்ப வந்தாலும் வாங்கிக்கலாம்" என்பார். பெஸ்தாரி ஜெயாவில் அவர் வாடகைக்கு இருந்தது ஒரே அறை. வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்த பின்பக்கத் தகரக் கொட்டகை முழுக்க இந்தச் சாமான்கள்தான். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டீச்சரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கதையே அதில்தான் இருக்கிறது.

பயண நாள்வரை வாடகை வீட்டில் இருக்கலாம் என்பதுதான் மையத்தின் விதி. டீச்சர் அதைச் சொல்ல மாட்டார். பத்து நாள் முன்னாலேயே வீட்டைக் கூட்டிக் கழுவி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பார். "கடைசி நாள் வரைக்கும் ஒக்காந்திருந்தா மரியாத இல்ல. போறவங்க நல்ல பேரோட போகணும்." அந்தப் பத்து நாளும் குடும்பங்கள் மையத்தின் பின்னறையில் படுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் நடந்தது. ஒரு குடும்பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டீச்சர் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில். அப்பா இருசப்பன், தோட்டத்தில் ரப்பர் பால் நிறுப்பவர். தராசு முள்ளில் ஒரு நூல் பிசகமாட்டார் என்று பெயர். தொண்ணூற்றாறில் தோட்டம் கைமாறியது. தோட்ட லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள், பட்டணத்தில் வீடு வருகிறது என்று மேலேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே, முதல் ஆளாக, வீட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, சாவியைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தவர் இருசப்பன்தான். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். அந்தக் கைகுலுக்கலைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

சாவி கொடுக்காமல் அடம்பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு, ஒன்பது வருடம் இழுத்தடித்து, கடைசியில் வீடு கிடைத்தது. முன்கூட்டியே சாவி கொடுத்தவர்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை. நீங்கள்தான் போய்விட்டீர்களே என்று சொல்லிவிட்டார்கள். இருசப்பன் வாடகை வீட்டிலேயே செத்தார். டீச்சர் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க அப்பா நல்ல பேரோட வந்தாரு என்றுதான் சொல்வார்.

மையத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்க அரசாங்கம் கொடுத்தது. அங்கிருந்து கோலாலம்பூரில் ஒரு பெரிய அமைப்புக்கு வரும், அவர்கள் எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரை எங்கேயோ இருப்பார், கணக்கெழுதும் கிராணி நடுவில் இருப்பார், நாம் லயத்தில் இருப்போம். சம்பளம் வரும்வரை துரையின் முகம் யாருக்கு வேண்டும்? வருடா வருடம் கடிதம் வரும், வேலை நீளும். வகுப்புக்கு வாடகை, என் வேனுக்கு எண்ணெய், மருத்துவச் சோதனை, விமானச் சீட்டு எல்லாம் அந்த ஒரே குழாயில் வந்த தண்ணீர். குழாயை யாராவது மூடினால் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து சனவரியில், அங்கே ஆட்சி மாறியதும், மூடினார்கள்.

அப்போது தயாராக இருந்த குடும்பம் கிருபாகரனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒன்பது வருடம் எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள். கிருபாகரன் மெத்தைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார், மனைவி தவமலர் வீட்டில் தையல் வேலை செய்தார். இரண்டு பெண் பிள்ளைகள். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு மறுநாள் விமானம். டீச்சர் சொன்னபடி, பத்து நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, வீட்டைக் கழுவிச் சாவியைக் கொடுத்தார்கள். கட்டில், அடுப்பு, தையல் மெஷின் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. நான்கு பெட்டிகளோடு மையத்துக்கு வந்தார்கள். நிறுத்துப் பார்த்தோம். நான்கும் இருபத்து மூன்று கிலோ, ஒரு நூல் பிசகவில்லை. டீச்சர் கைதட்டினார்.

வியாழக்கிழமை காலை கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. விமானம் ரத்து. வேறு தேதி இல்லை. எல்லோருக்கும் ரத்து. சனிக்கிழமை இன்னொரு கடிதம். வேலையை இன்றோடு நிறுத்துங்கள், பணம் வராது, மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யுங்கள். எங்கள் இருவருக்கும் வேலை போனது அந்தக் கடிதத்தின் மூன்றாவது வரியில் இருந்தது. நான் அதைப் படித்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னேன். இப்போது கேட்டாலும் சொல்வேன்.

டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரர்ட்ட போலாம்ணே" என்றார். போனோம். கிருபாகரனின் பழைய வீட்டு வாசலில் ஆறேழு ஜோடிக் காலணிகள் கிடந்தன. செவ்வாய்க்கிழமையே தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டாராம். "சாவிய நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க?" என்றார் வீட்டுக்காரர். அவர் மீது தவறில்லை.

மையத்துக்குத் திரும்பியதும் டீச்சர் நேராகத் தவமலர் முன்னால் போய் நின்றார்.

"தவமலர், ஒரு விசயம் சொல்லணும். பயண நாள் வரைக்கும் நீங்க அந்த வீட்ல இருந்திருக்கலாம். அதான் ரூல்சு. பத்து நாள் முன்னால குடுக்கணும்னு சொன்னது ஆபீஸ் இல்ல, நான்தான். நான் அப்படிச் சொல்லலன்னா இன்னிக்கு ஒங்களுக்கு வீடு இருந்திருக்கும்."

நான் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? பழியை அமெரிக்கா மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாதிப் பழி நியாயமாகவே அங்கேதான் போக வேண்டும். ஆனால் இருசப்பன் மகள் அல்லவா, நிறுவையில் பிசகமாட்டார்.

தவமலரின் குரல் உயர்ந்தது. "உங்களைத் தெய்வம் மாதிரி நம்பினனாங்கள் அக்கா. நீங்கள் சொன்னபடியால்தானே குடுத்தனாங்கள்! ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வச்சுக்கொண்டு நான் இனி எந்தத் தெருவில போய் நிக்கிறது?"

"ஆமா" என்றார் டீச்சர். சாக்குப்போக்கு சொல்லவில்லை, அழவும் இல்லை. கிருபாகரன்தான் மனைவியின் தோளைத் தொட்டு, "விடப்பா" என்றார்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. வேன் என் சொந்தம் என்பதால் அதையாவது யாராலும் பிடுங்க முடியவில்லை. டீச்சரும் நானும் வீடு தேடினோம். புக்கிட் செந்தோசா, ரவாங், ஈஜோக், ஜெராம், கோல சிலாங்கூர் டவுன் வரை ஏறி இறங்கினோம். அகதி என்றதும் கதவு பாதி மூடும், ஐ.நா. அட்டையைக் காட்டினால் மீதியும் மூடும். போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்பார்கள். பெருநாள் வேறு வந்துவிட்டது, தெருவெல்லாம் பட்டாசு வெடித்தது. பட்டாசு சத்தத்துக்குத் தவமலரின் பெரிய பெண் ஒவ்வொரு முறையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பிறந்தது இங்கேதான், சண்டை எதையும் பார்த்தவள் இல்லை. அம்மாவின் உடம்பு நடுங்குவது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முப்பதாம் தேதி, அவர்கள் விமானத்தில் இருக்க வேண்டிய நாளில், பெஸ்தாரி ஜெயாவில் கிஃபாயத்துல்லா கடையில் உட்கார்ந்திருந்தோம். கிஃபாயத்துல்லாவுக்கு அந்தக் கடை அவர் வாப்பா காலத்துச் சொத்து. மேல்மாடியில் இரண்டு அறை சும்மா கிடந்தது. அரிசி மூட்டை போட்டு வைத்திருந்தார். எத்தனையோ முறை அதை அண்ணாந்து பார்த்திருக்கிறோம், தோன்றவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே டீச்சர் திடீரென்று கேட்டார்.

"பாய், மேல வாடகைக்கு விடுறீங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் கிஃபாயத்துல்லா தாடியைத் தடவினார். "மூட்டைய எறக்குறது பெருசில்ல தங்கச்சி. அவங்க பேருல எழுத முடியாதே. நாளைக்கு ஒண்ணுன்னா யாரப் புடிக்கிறது?"

"என் பேருல எழுதுங்க. என்னயப் புடிங்க."

"வேல இல்லேங்குறீங்க, நீங்க எப்படி..."

"பாய், நான் இங்கயேதான் இருப்பேன். எனக்குப் பிளேன் ஏறத் தெரியாது."

கிஃபாயத்துல்லா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் முதல் நாள் டீச்சர் சொல்லும் பாடமே, முழுசாகப் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான். அன்றைக்கு அவர் படிக்காமலே போட்டார்.

மறுநாள் காலை மூட்டைகளை இறக்கி, மாடியைக் கழுவினோம். நான்கு பெட்டிகளையும் நானும் கிருபாகரனும் தூக்கிப் போய் வைத்தோம். பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றார் தவமலர். திறந்தால் போகவே முடியாது என்று அவருக்கு ஒரு பயம். அதற்குள் இருந்ததும் குளிர்ச் சட்டைகள்தானே. டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்து, தகரக் கொட்டகையைத் திறந்தார்.

மூன்று நடை அடித்தோம். பன்னிரண்டு வருடத்துச் சாமான்கள். அம்மி ஒருவருடையது, குழவி வேறொருவருடையது. ஒரு குடும்பத்தின் அரிசிப் பானை, இன்னொரு குடும்பத்தின் பாய். தவமலர் ஒவ்வொன்றையும் வாங்கும்போது சீட்டைப் படித்தார். ஊர் பெயர்களைச் சரியாக உச்சரிக்க வராமல் எழுத்துக் கூட்டினார். எல்லாம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். புட்டுக்குழல் கைக்கு வந்தபோதுதான் படிப்பதை நிறுத்தினார்.

"இவவை எனக்குத் தெரியும் அக்கா. எங்களுக்கு முன்னம் போனவ. புட்டு அவிச்சா எங்களுக்கும் தந்து விடுறவ." குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சீட்டை அவிழ்க்கட்டே?"

"வேணாம், இருக்கட்டும். அவங்க திரும்பி வந்தா குடுக்கணும்ல" என்றார் டீச்சர். அதைக் கேட்டுத் தவமலர் சிரித்தார். ஒரு வாரத்தில் அந்த முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு அழுதார். டீச்சர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தவமலரின் கோபம் எந்த நிமிடம் போனது என்று எனக்குத் தெரியாது. முழுவதும் போயிருக்காது, போகவும் வேண்டாம்.

புறப்படும்போது டீச்சர் கிஃபாயத்துல்லா கொடுத்த சாவிகளை எடுத்தார். இரண்டு சாவி. கையெழுத்துப் போட்டவர் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இரண்டையும் தவமலரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. தேதி வந்துருச்சு, சீட்டு வந்துருச்சுன்னு எவ்ளோ பெரிய ஆபீசர் வந்து சொன்னாலும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத. பிளேன் ஏறுற அன்னிக்கு ஏர்போர்ட் வாசல்ல ரவி அண்ணன் கையில குடு. அவரு கொண்டாந்து குடுத்துருவாரு."

"மரியாதை இல்லையெண்டு சொல்லுவினமே அக்கா?"

"சொல்லட்டும்."

தவமலர் சாவிகளை முந்தானையில் முடிந்துகொண்டார். நாங்கள் படியிறங்கி வந்து வேனில் ஏறினோம். நான் சாவியைத் திருப்பினேன், வண்டி உறுமியது. டீச்சர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, பட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

"அண்ணே" என்றார். "சாவியக் குடுக்காதீங்கன்னு அன்னிக்கு எங்க அப்பாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.